டெபியன் 12-இல் ஜிம்ப் ஏன் 2.10-இலேயே நிற்கிறது? லினக்ஸ் களஞ்சியங்களின் பழைய பதிப்புகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் 3.0 பதிப்பு வெளியான நாள் 2025 மார்ச் 16. ஆனால் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் (டிஸ்ட்ரோ) 12-ஆம் வெளியீடு போட்ட கணினியில், மென்பொருளை நிறுவ 'ஆப்ட் இன்ஸ்டால் ஜிம்ப்' என்று கட்டளை கொடுத்தால் வருவது 2.10.34. இன்னும் ஒரு வருடம் கழித்துக் கொடுத்தாலும் அதுவேதான் வரும். லிப்ரெஆபிஸ் 7.4, பைத்தான் 3.11, கர்னல் (இயங்குதளத்தின் கரு) 6.1 என்று மற்றவையும் அப்படியே நிற்கின்றன. விண்டோசிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய குழப்பம். அப்டேட் வாராவாரம் வருகிறது, ஆனால் பதிப்பு எண் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பார்த்துக்கொள்ள ஆளே இல்லையோ என்று சந்தேகம் வரும்.

ஆள் இருக்கிறார்கள். எண்ணை நகர்த்தாமல் வைத்திருப்பதுதான் அவர்கள் மெனக்கெட்டுச் செய்யும் வேலை.

களஞ்சியத்துக்குள் ஒரு மென்பொருள் எப்படி வந்து சேர்கிறது

ஜிம்ப்பை எழுதுகிற குழு மூலநிரலை வெளியிடுகிறது. அதை எடுத்து, டெபியனில் உள்ள மற்ற லைப்ரரிகளோடு (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரல்தொகுதிகள்) பொருந்தும்படி கம்பைல் செய்து (இயங்கும் நிரலாக மாற்றி), பொதியாகக் கட்டி, கணினிகள் மென்பொருளை இறக்கிக்கொள்ளும் இணையச் சேமிப்பிடமான களஞ்சியத்தில் ஏற்றுகிறவர் வேறு ஆள். அவரைப் பொதிப் பராமரிப்பாளர் என்கிறோம். டெபியன் 12 வெளியானபோது அதில் 64,419 பொதிகள் இருந்தன. டெபியன் 13-இல் 69,830. வழங்கல் உறுதி அளிப்பது இவற்றில் ஒவ்வொன்றும் புத்தம் புதியது என்று அல்ல. இத்தனையும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் ஓடும் என்றுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பராமரிப்பாளர் ஏற்றும் பொதி முதலில் 'சிட்' என்கிற நிலையற்ற கிளைக்குப் போகிறது. அங்கே வழக்கமாக 5 நாள் கிடக்க வேண்டும். அவசரமில்லை என்று பராமரிப்பாளரே குறித்திருந்தால் 10 நாள். தானியங்கிச் சோதனைகள் தேறிவிட்டால் இன்னும் சீக்கிரம். அதற்குள் யாரும் கடுமையான பிழை எதையும் பதியாமல், வேறு எந்தப் பொதியையும் உடைக்காமல் இருந்தால் 'டெஸ்டிங்' கிளைக்கு நகரும். சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டெஸ்டிங்கை அப்படியே உறையவைத்து, பிழைகளைக் களைந்து, நிலையான வெளியீடாக அறிவிப்பார்கள்.

பதிப்புகள் பழையதாகத் தொடங்குவது இந்த உறைநிலையில்தான். டெபியன் 12-இன் நாட்காட்டியைப் பாருங்கள். 2023 ஜனவரி 12 முதல் பெரிய லைப்ரரி மாற்றங்களுக்குத் தடை. பிப்ரவரி 12 முதல் சிறு திருத்தங்கள் மட்டும். மார்ச் 12 முதல் முக்கியப் பொதிகளில் எதை மாற்றவும் வெளியீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். மே 24 முதல் எல்லாப் பொதிக்கும் அனுமதி வேண்டும். வெளியீடு ஜூன் 10. லிப்ரெஆபிஸ் 7.5 வந்தது 2023 பிப்ரவரி 2 அன்று. டெபியன் வெளியீட்டுக்கு நான்கு மாதம் முன்பே. இருந்தும் 7.4-தான் உள்ளே இருந்தது. மார்ச் மாதம் வந்த டெஸ்க்டாப் சூழலான நோம் 44-க்கும் அதே கதி, 43-தான் போனது. ஆக, வெளியீட்டு நாளன்றே சில மாதப் பழையது. அடுத்த வெளியீடு வருவதற்குள் அது இரண்டரை வருடப் பழையதாகிவிடும்.

டெபியனிலிருந்து கிளைத்தவற்றில் இந்த வயது கூடிக்கொண்டே போகும். உபுண்டு 24.04-க்குப் புதிய வசதிகளை நிறுத்திய நாள் 2024 பிப்ரவரி 29, வெளியீடு ஏப்ரல் 25. அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22 அந்த ஜூலையில்தான் வந்தது. மின்ட் புதிதாக இருக்கலாம், உள்ளே இருக்கும் பொதிகள் பெரும்பாலும் பிப்ரவரிச் சரக்கு. சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் டெபியனை அடியாகக் கொண்டதுதான், ஆகவே அங்கும் இதே கணக்கு. இந்த விஷயத்தில் எல்லாரையும் தோற்கடிப்பது ரெட் ஹேட். 2014 ஜூனில் கர்னல் 3.10-உடன் வந்த அதன் நிறுவன லினக்ஸான ஆர்எச்ஈஎல் 7, 2024 ஜூன் 30 அன்று அதன் வழக்கமான ஆதரவுக்காலம் முடியும்போதும் 3.10 என்றே எண் காட்டியது.

ஒரே ஒரு மென்பொருளை மட்டும் ஏற்றினால் என்ன?

ஜிம்ப்பை மட்டும் புதிதாக்கிவிட்டு மற்றதை அப்படியே விடலாமே என்று தோன்றும். தடையாக நிற்பவை பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகள்.

விண்டோஸ் மென்பொருள் பெரும்பாலும் தனக்கு வேண்டியதைத் தானே மூட்டைகட்டிக்கொண்டு வரும். லினக்ஸ் களஞ்சியத்தில் அப்படியில்லை. இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். கர்ல், பைத்தான், போஸ்ட்கிரெஸ், வலைச் சர்வர்கள் என்று எல்லாம் அந்த ஒன்றையே அழைக்கும். இதன் லாபம் பெரியது. அந்த லைப்ரரியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் ஒரு பொதியைத் திருத்தினால் போதும், அதை அழைக்கும் அத்தனை நிரலும் சரியாகிவிடும். விலையும் உண்டு: அந்த லைப்ரரியை அடுத்த பெரிய பதிப்புக்கு நகர்த்தினால் அழைக்கும் அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்து சோதிக்க வேண்டும். உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாறியபோது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1 போய் 3.0 வந்தது. களஞ்சியத்துக்குள் இருந்தவை எல்லாம் சேர்த்து மாற்றப்பட்டதால் அவற்றுக்கு ஒன்றுமில்லை. வெளியிலிருந்து இறக்கிப் போட்டிருந்த பழைய நிரல்கள்தான் 'லிப்எஸ்எஸ்எல் 1.1 கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று நின்றுபோயின.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஜிலிப்சி என்கிற சி லைப்ரரி. டெபியன் 12-இல் அது 2.36, டெபியன் 13-இல் 2.41. டெபியன் 13-க்காகக் கம்பைல் செய்த பொதியை 12-இல் திணித்தால் 'ஜிலிப்சி 2.38 காணவில்லை' என்ற வகைப் பிழை வரும். பழைய ஜிலிப்சியில் கட்டிய நிரல் புதியதில் ஓடும், தலைகீழாக ஓடாது. அதைச் சரிசெய்கிறேன் என்று ஜிலிப்சியையே மாற்றப் போனால் இயங்குதளத்தின் மற்ற எல்லா நிரலும் அதன்மேல்தான் நிற்கிறது என்பது நினைவிருக்கட்டும். பாதியில் அறுந்தால் 'எல்எஸ்' கட்டளைகூட ஓடாது.

ஜிம்ப் 2.10 இருந்தது ஜிடிகே 2 என்ற திரை இடைமுக லைப்ரரியின் மேல், 3.0 இருப்பது ஜிடிகே 3-இன் மேல். பேபிள், ஜெகல் என்ற இரண்டு லைப்ரரிகளும் அதற்குப் புதியதாக வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். ஆனால் 2.10-க்காக எழுதிய செருகுநிரல்கள் 3.0-இல் அப்படியே ஓடாது. மாற்றி எழுதியாக வேண்டும். ஒரு அச்சகத்தில் பத்துக் கணினிகள், தினமும் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை வழக்கமான அப்டேட்டில் 2.10 போய் 3.0 வந்தால் அன்றைய வேலை நின்றுவிடும். அந்த மாற்றம் எப்போது நடக்க வேண்டும் என்பதை அச்சகமே முடிவு செய்ய விடுவதுதான் நிலையான வெளியீடு.

சர்வரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். டெபியன் 11-இல் பிஎச்பி 7.4, 12-இல் 8.2. இடையில் நீக்கப்பட்ட பங்ஷன்களை நம்பியிருந்த பழைய தளங்கள் வெற்றுப் பக்கம் காட்டும். போஸ்ட்கிரெஸ் 15-இன் தரவுக் கோப்புறையை 17 நேரடியாகத் திறக்காது. 'பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்' கொண்டு மாற்ற வேண்டும், அதற்கு முன் பேக்கப் வேண்டும், இரண்டு பிரதிக்கும் வட்டில் இடம் வேண்டும். இந்த வேலை நள்ளிரவுத் தானியங்கி அப்டேட்டில் நடக்கக் கூடாது என்பதில் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

எண் பழையது, திருத்தம் புதியது

அடுத்த கேள்வி நியாயமானது: பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருக்காதா?

2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரில் ஒரு கடுமையான ஓட்டையை வெளிப்படுத்தியது. ரெக்ரெஸ்எஸ்எச்-இயன் என்று பெயர், சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியல்) தந்த எண் சிவிஇ-2024-6387. மூலக் குழு அதைத் திருத்தி 9.8பி1 பதிப்பை வெளியிட்டது. டெபியன் 12-இல் இருந்தது 9.2பி1. டெபியன் 9.8-க்குத் தாவவில்லை. ஓட்டையை அடைக்கும் அந்தச் சில வரிகளை மட்டும் பிரித்தெடுத்து 9.2-இன் மூலநிரலில் ஒட்டி, அன்றைக்கே 1:9.2பி1-2+டெப்12யூ3 என்று வெளியிட்டது. இதைத்தான் பேக்போர்ட் செய்வது என்கிறார்கள்.

அந்த நீண்ட எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. தொடக்கத்தில் உள்ள '1:' பதிப்பெண் முறை எப்போதோ மாறியதைக் குறிக்கும் வரிசை எண். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். '9.2பி1' மூலக் குழு கொடுத்த பதிப்பு. '-2' டெபியன் அதை எத்தனையாவது முறை பொதியாக்கியது என்பது. '+டெப்12யூ3' என்றால் டெபியன் 12 வெளியான பிறகு வந்த மூன்றாவது திருத்தம். நகர்வது இந்தக் கடைசித் துண்டுதான். அப்டேட் வருகிறது, எண் மாறவில்லை என்பவர்கள் இந்த வாலைப் பார்ப்பதில்லை.

இதில் சுவையான ஒன்று, டெபியன் 11-இல் இருந்த 8.4பி1-க்கு இந்த ஓட்டையே இல்லை. பழைய காலத்து ஓட்டை ஒன்று 8.5பி1-இல் தெரியாமல் மறுபடி நுழைந்ததுதான் ரெக்ரெஸ்எஸ்எச்-இயன். 2014-இல் ஹார்ட்பிளீடும் அப்படித்தான். பாதிக்கப்பட்டவை ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை; அதற்கு முந்தைய 0.9.8 வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். புதிய பதிப்பு பழைய ஓட்டைகளை மூடும். கூடவே புதிய ஓட்டைகளையும் கொண்டுவரலாம்.

காத்திருப்பதன் பயன் பளிச்சென்று தெரிந்தது 2024 மார்ச்சில். எக்ஸ்இசட் என்ற சுருக்குநிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ன்ட் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். 5.6.0 வந்து அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் டெபியனின் சிட், டெஸ்டிங் கிளைகளுக்கும், ஓப்பன்சூசே டம்பிள்வீடுக்கும், ஃபெடோராவின் சோதனைக் கிளைகளுக்கும் அது போய்விட்டது. டெபியன் 12-இல் இருந்தது 5.4.1; அங்கே எட்டவில்லை. அப்போது வெளியீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த உபுண்டு 24.04, தன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்துப் பொதிகளை மறுபடி கட்டியது.

உங்கள் கணினியில் குறிப்பிட்ட ஓட்டை அடைபட்டதா என்று பார்க்க இரண்டு வழி. 'ஆப்ட் பாலிசி' என்று அடித்துப் பொதியின் பெயரைக் கொடுத்தால் நிறுவியிருப்பதும் களஞ்சியத்தில் கிடைப்பதும் தெரியும். 'ஆப்ட் சேஞ்ச்லாக்' என்று பொதியின் பெயரோடு கொடுத்தால் ஒவ்வொரு திருத்தத்திலும் எந்தச் சிவிஇ எண் அடைக்கப்பட்டது என்ற குறிப்பு வரும். டெபியனின் பாதுகாப்புப் பின்தொடர் தளத்தில் சிவிஇ எண்ணைக் கொடுத்தும் தேடலாம். அலுவலகங்களில் ஓடும் சில ஸ்கேனர்கள் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து '9.2 ஆபத்தானது' என்று சிவப்புக் கொடி காட்டும். பதறி மேலேற்றாமல், மாற்றக் குறிப்பின் வரியை எடுத்துக் காட்டினால் பெரும்பாலும் தணிக்கையாளர் ஏற்றுக்கொள்வார்.

இந்த ஏற்பாட்டில் குறைகளும் உண்டு

பாதுகாப்பு ஓட்டைகளும் தரவை அழிக்கும் வகைக் கடும் பிழைகளும்தான் நிலையான வெளியீட்டில் திருத்தப்படும். பொத்தான் இடம் மாறித் தெரிகிறது, ஏற்றுமதியில் எழுத்துரு கோணுகிறது போன்ற சில்லறைப் பிழைகள் அடுத்த வெளியீடு வரை அப்படியே கிடக்கும். மூலக் குழு ஒன்றரை வருடம் முன்பே அதைத் திருத்தியிருக்கும், உங்களுக்கு வராது.

மூலக் குழுக்களுக்கும் இதில் எரிச்சல் உண்டு. என்றோ சரிசெய்த பிழையைப் பயனர்கள் மறுபடி மறுபடி புகாராக அனுப்புவார்கள். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் ஆசிரியர் ஜேமி ஸாவின்ஸ்கி, 'இந்தப் பதிப்பு மிகப் பழையது' என்று திரையில் எச்சரிக்கும் வரிகளைத் தன் நிரலிலேயே வைத்துவிட்டார். 2016-இல் டெபியனில் அது பெரிய வாக்குவாதமானது; தன் நிரலைக் களஞ்சியத்திலிருந்தே எடுத்துவிடச் சொன்னார். அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே ஒன்றைக் கடைப்பிடியுங்கள்: களஞ்சியத்திலிருந்து போட்ட மென்பொருளில் பிழை கண்டால் முதலில் வழங்கலின் பிழைப்பட்டியலில் பதியுங்கள். புதிய பதிப்பிலும் அது இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு மூலக் குழுவிடம் போகலாம்.

உபுண்டுவில் இன்னொரு நுணுக்கம். 'மெயின்' பகுதியில் உள்ள பொதிகளுக்கு உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. 'யூனிவர்ஸ்' பகுதியில் இருப்பவற்றுக்கு அந்த உறுதி கிடையாது. உபுண்டு ப்ரோ கணக்கு இணைத்தால் கிடைக்கும், தனிநபர்களுக்கு 5 கணினி வரை இலவசம். 'ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்' என்று அடித்தால் உங்களிடம் எத்தனை பொதி எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று சொல்லும்.

சில மென்பொருள்களுக்கு இந்த முறை ஒத்தே வராது. உலாவி முதல் உதாரணம். மாதாமாதம் பத்து இருபது ஓட்டைகள் அடைக்கப்படும் பெருநிரலில் திருத்தங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பழையதில் ஒட்ட யாராலும் முடியாது. அதனால் டெபியன் தன் விதியைத் தானே தளர்த்துகிறது. நீண்டகால ஆதரவுள்ள ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் கிளையை வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் அடுத்த ஈஎஸ்ஆருக்கு நிலையான வெளியீட்டிலேயே மாறும். குரோமியத்தைப் புதுப் பதிப்பாகவே தரும். நாடுகள் நேர மாற்றத்தை அறிவிக்கும்போதெல்லாம் நேரமண்டலத் தரவும் புதுப்பிக்கப்படும். வீடியோ இறக்கும் ஒய்டி-டிஎல்பி மாதிரியானவை வேறு வகைத் தலைவலி. எதிர்ப்பக்கத் தளம் மாறியதுமே பழைய பதிப்பு செத்துவிடும். அதைக் களஞ்சியத்தின் நிலையான பகுதியிலிருந்து போடுவதில் பொருளே இல்லை.

புதியதுதான் வேண்டும் என்றால்

முதலில், எதற்காக வேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா பாருங்கள். 'ஜிம்ப் 3-இன், மூலப் படத்தை அழிக்காத விளைவுகள் வேண்டும்' என்பது காரணம். 'எண் பெரியதாக இருக்கிறது' என்பது இல்லை. காரணம் இருந்தால், அந்த ஒரு மென்பொருளை மட்டும் புதிதாக்குங்கள், அடித்தளத்தைத் தொடாதீர்கள்.

டெபியனில் முதல் இடம் பேக்போர்ட்ஸ் களஞ்சியம். பெயர்தான் குழப்பும்: மேலே சொன்ன பாதுகாப்புப் பேக்போர்ட் வேறு, இது வேறு. டெஸ்டிங்கில் உள்ள புதிய பதிப்பையே எடுத்து நிலையான வெளியீட்டின் லைப்ரரிகளோடு மறுபடி கம்பைல் செய்து தருவார்கள். ஆப்ட்டின் மூலப்பட்டியலில் 'புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ்' வரியைச் சேர்த்து (புக்வோர்ம் என்பது டெபியன் 12-இன் பெயர்), 'ஆப்ட் அப்டேட்' கொடுத்து, நிறுவும்போது '-டி (-t) புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ்' என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் பழையதே வரும். பேக்போர்ட்ஸின் முன்னுரிமை வேண்டுமென்றே 100 என்று தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது. கர்னலும் லிப்ரெஆபிஸும் இங்கே புதிதாகக் கிடைக்கும். எல்லாப் பொதியும் இருக்காது. பாதுகாப்புக் குழுவின் நேரடிக் கண்காணிப்பும் இவற்றுக்கு இல்லை. திருத்துவது அந்தந்தப் பராமரிப்பாளரின் பொறுப்பு.

திரையில் ஓடும் செயலிகளுக்கு என் தேர்வு ஃபிளாட்பேக். அது தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தனி அடுக்காகக் கொண்டுவருவதால் அடித்தளத்தோடு மோதாது. 'ஆப்ட் இன்ஸ்டால் ஃபிளாட்பேக்' கொடுத்து, ஃபிளாட்ஹப் என்ற செயலித் தளத்தை மூலமாகச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால்தான் நிறுவுபவை மெனுவில் தெரியும். பலர் இந்த மறு உள்நுழைவை விட்டுவிட்டு 'நிறுவியது காணோம்' என்று தேடுவார்கள். முதல் செயலியோடு பல நூறு எம்பி அடித்தள அடுக்கு இறங்கும். அதே அடுக்கைப் பயன்படுத்தும் அடுத்த செயலி சிறிதாகவே வரும். செயலி தன் கூண்டுக்குள் ஓடுவதால் வேறு வட்டில் உள்ள கோப்புறையைப் பார்க்காமல் போகலாம். ஃபிளாட்சீல் என்ற செயலியில் அனுமதி கொடுங்கள். அமைப்புகள் தனி இடத்தில் சேமிக்கப்படுவதால் களஞ்சியத்து ஜிம்ப் 2.10-உம் ஃபிளாட்பேக் ஜிம்ப் 3-உம் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். செருகுநிரல் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி. ஃபிளாட்ஹப்பில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற குறி உள்ளதா என்றும் பாருங்கள். மூலக் குழுவே ஏற்றியது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆப்இமேஜ் ஒற்றைக் கோப்பு. இயக்க அனுமதி கொடுத்தால் போதும். பல ஆப்இமேஜ்கள் இன்னும் பழைய ஃபியூஸ் 2 லைப்ரரியைக் கேட்கும். உபுண்டு 22.04-இல் 'லிப்ஃபியூஸ்2', 24.04-இல் 'லிப்ஃபியூஸ்2டி64' பொதியை நிறுவுங்கள். வெறும் 'ஃபியூஸ்' என்ற பொதியை நிறுவ வேண்டாம். அது ஃபியூஸ் 3-ஐ அகற்றி, அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பொதிகளையும் கூடவே இழுத்துப்போகக்கூடும்.

சர்வர் மென்பொருளுக்கு மூலக் குழுவே நடத்தும் ஆப்ட் களஞ்சியம் நல்லது. போஸ்ட்கிரெஸ், டாக்கர் இரண்டும் அப்படித் தருகின்றன. ஃபயர்பாக்ஸுக்காக மொசில்லாவும் 2024 தொடக்கத்திலிருந்து தருகிறது. பிபிஏ என்ற தனிநபர் களஞ்சியம் வேறு: உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம், கனோனிக்கல் சரிபார்ப்பதில்லை. நடத்துகிறவர் யாரென்று தெரிந்தால் மட்டும் சேருங்கள். விலக்கும்போது மூலத்தை நீக்கினால் மட்டும் போதாது, நிறுவிய பொதி அங்கேயே கிடக்கும். 'பிபிஏ-பர்ஜ்' கொடுத்தால்தான் களஞ்சியத்துப் பதிப்புக்குத் திரும்பும்.

பைத்தான் எழுதுகிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: கணினியின் பைத்தான்3 இணைப்பைப் புதிய பதிப்புக்குத் திருப்புவது. உபுண்டுவின் களஞ்சியச் சேர்ப்புக் கருவி, நோம் டெர்மினலின் தொடக்க நிரல் எல்லாம் அந்தப் பைத்தானைத்தான் நம்பியிருக்கின்றன. திருப்பினால் டெர்மினலே திறக்காமல் போகும். டெபியன் 12 முதல் 'பிப்' என்ற பைத்தான் பொதி நிறுவி நேரடியாக நிறுவ மறுத்து 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று பிழை காட்டுவது இதனால்தான். தாண்டிப்போக ஒரு தெரிவும் இருக்கிறது. அதன் பெயரே 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்பதால் பிறகு யாரையும் குறைசொல்ல முடியாது. 'பைத்தான்3-வென்வ்' பொதியை நிறுவி, திட்டத்துக்கு ஒரு தனிச் சூழல் உருவாக்கி, அதற்குள் பிப் பயன்படுத்துங்கள்.

நிலையான டெபியனின் மூலப்பட்டியலில் சிட் வரியைச் சேர்ப்பது, உபுண்டு பிபிஏவை டெபியனில் போடுவது போன்ற கலப்படங்களுக்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்று டெபியன்காரர்களே கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பொதிக்காகச் சேர்த்தால் அதன் சார்பாக ஜிலிப்சி, பிறகு பைத்தான், பிறகு டெஸ்க்டாப் என்று வரிசையாக மேலேறும். அங்கிருந்து கீழே இறங்கச் சரியான வழி கிடையாது. ஆப்ட் கேட்கும் 'தொடரலாமா' கேள்விக்கு முன் 'அகற்றப்படுபவை' பட்டியலைப் படியுங்கள். அதில் டெஸ்க்டாப் பொதிகள் தென்பட்டால் 'இல்லை' என்று சொல்லி வெளியே வாருங்கள்.

கணினியே புதியது, வைஃபையோ கிராபிக்ஸோ வேலை செய்யவில்லை என்றால் அது வேறு சிக்கல். அங்கே புதிய கர்னல்தான் வேண்டும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீடான எல்டிஎஸ், இதற்காகப் புதிய வன்பொருளுக்கான எச்டபிள்யூஇ கர்னலைத் தருகிறது. 22.04 தொடங்கியது 5.15-இல், 22.04.5 வெளியீட்டில் 6.8 வரை வந்துவிட்டது. டெபியனில் பேக்போர்ட்ஸ் கர்னல். எல்லாமே எப்போதும் புதியதாக வேண்டும் என்பவர்களுக்கு ஃபெடோரா பொருந்தும்: ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆதரவு. ஆர்ச் இன்னும் ஒரு படி மேலே. வெளியீடு என்பதே கிடையாது, தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். அங்கே 'பேக்மேன் -எஸ்ஒய்யூ' கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். '-எஸ்ஒய்' என்று பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரு பொதியை நிறுவினால் லைப்ரரிகள் பொருந்தாமல் உடையும், அதற்கு ஆதரவும் இல்லை. ஏற்றுவதற்கு முன் ஆர்ச் தளத்தின் அறிவிப்புகளையும் படிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் ஆர்ச் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

உண்மையிலேயே பழையதாகிவிட்டது என்று எப்போது தெரியும்

இதுவரை சொன்னதெல்லாம் ஆதரவு இருக்கும் வரைதான். டெபியன் 12-க்கு முழு ஆதரவு 2026 ஜூன் 10 வரை. அதன்பின் நீண்டகால ஆதரவுக் குழு 2028 ஜூன் 30 வரை பார்த்துக்கொள்ளும். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30 கடைசி. அந்தத் தேதிக்குப் பிறகு வாலில் உள்ள எண்ணும் நகராது; அடைக்கப்படாத ஓட்டைகள் சேர்ந்துகொண்டே போகும்.

'ஆப்ட் அப்டேட்' கொடுக்கும்போது களஞ்சிய முகவரிகளுக்கு 404 பிழை வரத் தொடங்கினால், உங்கள் வெளியீட்டை ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று பொருள். ஆவண முகவரியை எழுதிக்கொண்டு தொடர்ந்து ஓட்டாமல் வெளியீட்டையே மேலேற்றுங்கள். டெபியனில் இடையில் ஒன்றைத் தாண்டக் கூடாது: 10-இல் இருப்பவர் 11-க்குப் போய், பிறகு 12, பிறகு 13. ஒவ்வொரு படிக்கும் முன் பேக்கப் எடுத்து, வெளியிலிருந்து சேர்த்த களஞ்சியங்களை நிறுத்தி, பேக்போர்ட்ஸிலிருந்து என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேலேற்றம் நடுவழியில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியவை அவைதான்.